முதல் வகுப்பின் முதல் நாள்: பாடம் நடத்தாமல் என்னதான் செய்கிறார்கள்?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று தொலைக்காட்சியில் ஒரே மாதிரிக் காட்சிகள்தான் வரும். வாசலில் வாழைமரம், பலூன் தோரணம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தலையில் காகிதக் கிரீடம், கையில் ரோஜாப்பூ. ஜூலை பிறந்ததும் பேச்சு மாறிவிடும். "ஒரு மாசமாச்சு, இன்னும் புத்தகத்தையே தொறக்கல. ஆட்டம், பாட்டு, படம் வரையறது, அவ்வளவுதான்" என்று பெற்றோர் புலம்பத் தொடங்குவார்கள்.

அந்த விழா யாருக்காக? ஆட்டமும் பாட்டும் எதற்காக? முதல் நாளே "அ, ஆ" தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வகுப்பறைக்குள் வருவது யார்?

தமிழ்நாட்டில் 5 வயது முடிந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 இதை 6 வயது என்கிறது. அப்படியே மாற்றச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதமும் எழுதியது. இங்கே வழக்கம் 5தான். ஆகவே வேறு சில மாநிலங்களில் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளையைவிட நம் பிள்ளை ஒரு வயது சிறியது. நாற்பது வயதில் ஓர் ஆண்டு பெரிதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்தப் பிள்ளைகளும் ஒரே வழியில் வருவதில்லை.

1. அங்கன்வாடியிலிருந்து வருபவர்கள். அம்மாவைப் பிரிந்து இருக்கவும், சேர்ந்து சாப்பிடவும், மதியம் தூங்கவும் பழகியவர்கள். ஆனால் பெரிய கட்டடமும் பெரிய பிள்ளைகளும் மணியோசையும் இவர்களுக்குப் புதிது.

2. எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்து வருபவர்கள். பெரும்பாலும் தனியார் பள்ளியிலிருந்து வருவார்கள். 2019 முதல், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் அரசும் இந்த வகுப்புகளை நடத்தியது. இவர்களில் பலருக்கு எழுத்து தெரியும். கையைக் கட்டி உட்காரவும் தெரியும், சில நேரம் தேவைக்கு மேலேயே.

3. வீட்டிலிருந்து நேராக வருபவர்கள். செங்கல் சூளை, கட்டட வேலை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இவர்களுக்கு வரிசையில் நிற்பதே புதிய வித்தை.

மூன்று வகையும் ஒரே பாயில் உட்காரும். "எல்லாருக்கும் இது தெரியும்" என்று வைத்துக்கொண்டு தொடங்க முடியாது என்பதுதான் முதல் நாளின் அடிப்படைச் சிக்கல். கரும்பலகையில் "அ" எழுதிப்போட்டால் ஒரு பிள்ளை கொட்டாவி விடும், இன்னொன்று மிரளும், மூன்றாவது அது என்ன படம் என்று கேட்கும்.

சட்டமும் திட்டங்களும் சொல்வது

"விளையாட வைப்பது ஆசிரியரின் சோம்பல்" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அப்படிச் செய்யச் சொல்வது சட்டம்தான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடு வழியாகவும் தானே கண்டறிவதன் வழியாகவும் பிள்ளை கற்க வேண்டும் என்கிறது. முடிந்தவரை தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும், பிள்ளைக்குப் பயமும் பதற்றமும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 13ஆம் பிரிவின்படி, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சட்டத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார். 2007–08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளையின் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் அடித்த கரும்பலகை, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எல்லாம் அப்போது வந்தவை. இன்றும் பல பள்ளிகளில் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கிறது. முதல் நாளுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் எண்ணம். அழிக்கலாம், காகிதம் வேண்டாம், தப்பென்று எதுவும் மிஞ்சாது.

அடுத்தது எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, முதன்முதலாக வகுப்பறைக்குள் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பு. பெயர் மேல்வகுப்பில் இருந்தது, முதல் நாள் மட்டும் நடக்கவே இல்லை. வரிசை, மணி, பென்சில் பிடிப்பு, பக்கத்துப் பிள்ளையோடு பகிர்வது என்று முதல் வகுப்பில் சத்தமில்லாமல் நடந்துவிடும் எதுவும் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்திருக்கவில்லை. அந்த இழப்பைச் சரிசெய்ய 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் தொடங்கியது. 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், 2025க்குள் அந்த நிலையை எட்ட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாடல், கதை, பொம்மலாட்டம், பயிற்சி நூல் வழியாகக் கற்பிக்கும் முறை இது. பாடநூல் புத்தம் புதிதாக அப்படியே இருக்கிறதே என்று பெற்றோர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை பயிற்சி நூலில் நடந்துகொண்டிருக்கும்.

தேசிய அளவில் இதற்கு இணையானது வித்யா பிரவேஷ். ஒன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் நடத்த, ஒன்றிய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. உருவாக்கிய 12 வார விளையாட்டுவழித் தயாரிப்பு; வாரம் 5 நாள், நாளுக்கு 4 மணி நேரம். 2021 ஜூலையில் அறிமுகமானது. பெயரும் அரசியலும் வேறு வேறு. ஆனால் முதல் வாரங்களை ஆயத்தக் காலமாக விட வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

செயல்பாடு வேறு, விழா வேறு

செயல்பாடு என்றால் பிள்ளை தானே ஒன்றைச் செய்ய வேண்டும். அதில் ஆசிரியருக்கு ஒரு நோக்கமும் இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் மாலை போடுவது செயல்பாடு ஆகாது. பிள்ளை சும்மா நிற்கிறது, பெரியவர்கள் செய்கிறார்கள், இன்னொருவர் படம் எடுக்கிறார். விழா தப்பில்லை. ஊரே சேர்ந்து பிள்ளையை வரவேற்பதில் ஒரு பெருமை இருக்கிறது, சேர்க்கையும் கூடும். ஆனால் ஒலிபெருக்கி, பலூன் வெடிக்கும் சத்தம், தெரியாத முகங்கள் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் மிரள்கிற பிள்ளைகள் உண்டு. விழா பத்து நிமிடத்தில் முடிந்தால் நல்லது. விருந்தினர் வரத் தாமதமானால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைக்கும் பழக்கத்தை மட்டும் எந்த நியாயமும் காப்பாற்றாது. ஜூன் தொடக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்பதற்கு, வெப்பத்தால் பள்ளித் திறப்பே 2023இல் ஜூன் 14க்கும் 2024இல் ஜூன் 10க்கும் தள்ளிப்போனதே சாட்சி.

நெல்லில் "அ" எழுதவைப்பதும் இந்த வகைதான். விஜயதசமி நாளின் ஏடு தொடங்கும் வழக்கம் ஜூன் மாதத்துக்கும் வந்திருக்கிறது. ஆசிரியர் விரல் பிடித்து ஒரு முறை எழுதவைப்பது சடங்கு, அழகான சடங்கு. அதையே நோட்டில் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னால் சிக்கல் ஆரம்பம். "ட", "ப" நேர்கோடுகளால் ஆனவை. "அ"வில் சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் இருக்கின்றன. விரல் தசை இன்னும் பலப்படாத பிள்ளைக்கு அது பெரிய வேலை.

முதல் நாள் செயல்பாடுகளுக்கு உண்மையில் மூன்றே வேலைகள்:

1. இடம் பழகுவது. கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, என் பை எங்கே, அம்மா எந்த வாசலுக்கு வருவார்.

2. ஆள் பழகுவது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பெரியவர், என் பக்கத்தில் உட்கார்கிற ஒரு பிள்ளை.

3. ஆசிரியர் பிள்ளையைக் கவனிப்பது. யாருக்கு என்ன தெரியும், யாருக்கு எது சிரமம்.

ஒரு செயல்பாடு இந்த மூன்றில் எதற்குமே உதவவில்லை என்றால், எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் அதை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

நாள் எப்படிப் போகும்?

*காலை உணவு.* முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், 1,545 பள்ளிகளை முதல் கட்டமாகக் கொண்டு தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பசியாற்றுவதற்காக வந்த திட்டம் முதல் நாளின் வடிவத்தையும் மாற்றியிருக்கிறது. முன்பு பிள்ளை பள்ளிக்குள் வந்ததும் பார்ப்பது வரிசையும் மணியும். இப்போது தட்டு, சூடான உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ. சாப்பிடுகிற பிள்ளை அழுவது குறைவு. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அறிமுகத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

*பள்ளியைச் சுற்றுவது.* எல்லாச் செயல்பாடுகளிலும் இதுதான் முக்கியம், இதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ரயில் ஓட்டிக்கொண்டு போகலாம். குழாயடியில் ஒரு நிறுத்தம், சத்துணவுக் கூடத்தில் ஒரு நிறுத்தம், தலைமையாசிரியர் அறையில் ஒரு நிறுத்தம்.

கழிப்பறையில் மட்டும் அவசரப்படக் கூடாது. கதவை எப்படிச் சாத்துவது, தாழ்ப்பாளைப் போடாமல் விடலாமா, தண்ணீர் எங்கே மொள்வது, கை எங்கே கழுவுவது என்று ஒவ்வொரு பிள்ளையும் செய்து பார்க்க வேண்டும். ஐந்து வயதுக் கைக்குத் துருப்பிடித்த தாழ்ப்பாள் திறக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளை அடுத்த பல நாள் அந்தப் பக்கமே போகாது. "எப்ப வந்தாலும் கேக்கலாம், கேக்காமலும் எந்திரிச்சுப் போகலாம்" என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லுமோ அதே சொல்லில் கேட்கட்டும். ஈரமான கால்சட்டையோடு மாலை வரை உட்கார்ந்திருந்த பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று சொன்னால், அந்த வலிக்கு மருந்து வீட்டில் இல்லை. மாற்று உடை ஒன்றைப் பையில் போட்டு அனுப்பும்படி பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் இதில் சேர்த்தி.

*பெயர்.* வட்டமாக உட்கார்ந்து ஒரு துணிப்பந்தை உருட்டி, பந்து வந்தவர் பெயர் சொல்லும் விளையாட்டு எளிது. சொல்ல விரும்பாத பிள்ளைக்கு மற்றவர்கள் சேர்ந்து சொல்லலாம், அல்லது பந்தை மட்டும் உருட்டிவிடலாம். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் பிள்ளைக்கே தெரியாமல் இருப்பது அடிக்கடி நடக்கும். வீட்டில் பாப்பா, குட்டி, தம்பி. பதிவேட்டில் நாலு எழுத்து ஐந்து எழுத்துப் பெயர். பிள்ளை பதில் சொல்லாமல் இருப்பதைக் கூச்சம் என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொண்டால் முதல் நாளே தப்புக்கணக்கு ஆகிவிடும். இரண்டு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

*ஆட்டம்.* ஆட்டம் என்றால் எதுவும் சரி என்று இல்லை. தொட்டவர் வெளியேற வேண்டிய ஆட்டங்கள் முதல் நாளுக்கு ஆகாது. ஏற்கெனவே ஓரமாக நிற்கும் பிள்ளை முதலில் வெளியேறும். குலைகுலையாய் முந்திரிக்காய் போன்ற வட்ட ஆட்டங்கள் பொருந்தும். ஓடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு, யாரும் தோற்றுப்போவதில்லை. ஆட்டத்தை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

*கைவேலை.* ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு அரசே விலையில்லா மெழுகு வண்ணக் குச்சிகள் தருகிறது. வெற்றுத்தாளும் குச்சியும் கொடுத்து இஷ்டப்படி கிறுக்கச் சொல்லலாம். "வீட்டை வரை, மரத்தை வரை" என்று தலைப்புத் தர வேண்டியதில்லை. கிறுக்கியதை அன்றே கம்பிப் பந்தலில் தொங்கவிட வேண்டும். மறுநாள் பிள்ளை வகுப்புக்குள் வந்து அண்ணாந்து தேட ஒரு பொருள் கிடைக்கும். பொருள்களைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் புளியங்கொட்டையும் குன்றிமணியும் முதல் நாள் வேண்டாம். மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும் வயது. குன்றிமணி விஷம் வேறு. பாட்டில் மூடிகள் போதும்.

*மதியம்.* சத்துணவுக்குப் பிறகு பாய் விரித்துவிடலாம். ஒன்பது, ஒன்பதரை முதல் மாலை நாலு வரை என்பது ஐந்து வயதுக்கு நீண்ட நாள். முதல் வாரத்தில் தூங்கவிடுவதை யாரும் குறையாக எண்ண வேண்டாம்.

*கதையும் புறப்பாடும்.* கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு "நாலு மணிக்கு அம்மா வருவாங்க" என்றால் விளங்காது. வரிசை விளங்கும்: சாப்பாடு, தூக்கம், கதை, மணி, அம்மா. காலையிலிருந்து இதையே நாலைந்து முறை சொல்லிக்கொண்டிருந்தால், கதை தொடங்கும்போது "அடுத்தது மணி" என்று பிள்ளையே சொல்லும். கதையைக் கடைசியில் வைப்பதற்கு அதுதான் காரணம். நாளின் முடிவு நல்ல ஞாபகமாக நிற்கும் என்பதும் ஒரு லாபம்.

அழுகிற பிள்ளை, அழாத பிள்ளை

உரத்து அழும் பிள்ளையைப் பார்த்து எல்லாரும் பதறுவார்கள். பெரும்பாலும் அது அம்மா கண்ணைவிட்டு மறைந்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது, அழாமல் பேசாமல் பையைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை. "சமத்துப் பிள்ளை" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அதுதான் சாப்பிட்டிருக்காது, கழிப்பறைக்கும் போயிருக்காது.

பெற்றோர் செய்யும் ஒரு தவறு இங்கே பெரிய விளைவைத் தரும்: பிள்ளை வேடிக்கை பார்க்கும்போது நைசாக நழுவிவிடுவது. அன்றைக்குச் சுலபம்தான். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். மறுநாளிலிருந்து பிடி இறுகும். சொல்லிக்கொண்டு, சுருக்கமாக விடைபெற்று, திரும்பிப் பார்க்காமல் போவது அழுகையைக் கூட்டும், ஆனால் நாள்களைக் குறைக்கும். "அழுதா போலீஸ் வரும், டீச்சர் ஊசி போடுவாங்க" என்று மிரட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த டீச்சரோடுதான் பிள்ளை ஓர் ஆண்டு இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் அக்காவோ அண்ணனோ இருந்தால், முதல் சில நாள் பக்கத்தில் உட்காரவிடலாம். அக்காவின் படிப்பு கெடும் என்பார்கள். இரண்டு நாளில் ஒன்றும் கெடாது.

ஈராசிரியர் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா?

நியாயமான கேள்வி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், ஆசிரியர் இரண்டே பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர் என்ற பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். முதல் நாள் அந்தத் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேடு, ஆதார், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, நூல் விநியோகம், வருகிற விருந்தினர் என்று ஓடிக்கொண்டிருப்பார். மிஞ்சுகிற ஓர் ஆசிரியரிடம் எல்லாப் பிள்ளைகளும். ஒன்றாம் வகுப்புக்கு என்று தனியாக எழுதப்பட்ட அழகான திட்டங்கள் இங்கேதான் உடைகின்றன.

இதற்கு வழி பெரிய பிள்ளைகள். நாலாம், ஐந்தாம் வகுப்பில் ஒருவருக்கு ஒரு புதுப்பிள்ளை என்று ஒப்படைக்கலாம். பள்ளியைச் சுற்றிக் காட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, தட்டு கழுவச் சொல்லித்தருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதைப் பள்ளி திறந்த பிறகு சொன்னால் குழப்பம்தான். ஏப்ரலில், விடுமுறைக்கு முன்பே யாருக்கு யார் என்று பேசிவைத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒரே தெருவாகத்தான் இருக்கும், வரும்போதே கைபிடித்துக் கூட்டி வந்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகள் இதை எவ்வளவு பொறுப்பாகச் செய்வார்கள் என்பது, கேட்டுப் பார்க்காத பெரியவர்களுக்கு மட்டும்தான் ஆச்சரியம்.

வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கும் இது உதவும். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் படுக மொழி. இவர்களுக்கு முதல் நாள் முழுக்கச் சைகை, தாளம், ஆட்டம், படம் என்று இருந்தால் யாரும் பின்தங்கியவராகத் தெரியமாட்டார்கள். அவர்கள் மொழி தெரிந்த ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் இருந்தால், அன்றைக்கு அது ஓர் ஆசிரியருக்குச் சமம்.

ஆசிரியர் எதைக் குறித்துக்கொள்கிறார்?

முன்னே சொன்ன 13ஆம் பிரிவு இங்கே வருகிறது. பிள்ளைகளைக் கவனிப்பது வேறு, தேர்வு வைப்பது வேறு. "ஒண்ணு ரெண்டு சொல்லு, ஏ பி சி டி சொல்லு" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால், அது பெயர் மாறிய தேர்வுதான். சேர்க்கைக்குப் பிறகு நடப்பதால் சட்டம் அதைத் தொடாமல் போகலாம், ஆனால் பிள்ளைக்குத் தெரிவது ஒன்றுதான்: இந்த இடத்தில் தெரியாவிட்டால் அவமானம். விளையாட்டுக்குள்ளேயே பார்க்க முடிகிற விஷயங்கள் இவை:

1. பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறதா? பல நாள் "சொல்பேச்சு கேக்காத பிள்ளை" என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் காதுக் குறைபாடாக இருக்கும்.

2. படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோகிறதா?

3. குச்சியை முழுக் கையாலும் பிடிக்கிறதா, விரல்களால் பிடிக்கிறதா? எழுதத் தொடங்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

4. "மூணு மூடி எடுத்துட்டு வா" என்றால் மூன்று வருகிறதா? நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளை இதில் தடுமாறுவதும், எண்ணவே தெரியாது என்று சொல்லப்பட்ட பிள்ளை சரியாகக் கொண்டுவருவதும் உண்டு.

5. யாரோடும் ஒரு சொல்லாவது பேசியதா?

இந்தக் குறிப்புகள் வீண்போவதில்லை. குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் "இந்தப் பிள்ளையின் காதைப் பாருங்கள்" என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைக் கூப்பிடலாம். எழுத்து தெரிந்த பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே கதைப் புத்தகம் கொடுத்துவிடலாம். அதையும் மற்றவர்களோடு கோடு இழுக்கவைத்தால் பள்ளி சலித்துப்போகும்.

அப்படியானால் பாடம் எப்போது?

ஜூன் முழுக்க ஆட்டமே என்றால் அது வேறு குறை. இடமும் ஆளும் பழக ஒரு வாரம் போதும். இரண்டாம் வாரத்திலிருந்து ஆட்டத்துக்குள் ஒலி, எண், வடிவம் நுழைய வேண்டும். "ப"வில் தொடங்கும் பெயர்கள் யாருக்கு, வகுப்பில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எது பெரிய கல் என்று. பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி "புத்தகம் திறந்தீர்களா" என்பதைவிட "இந்த வாரம் பிள்ளைக்குப் புதிதாக என்ன வருகிறது" என்பதுதான். பதில் சொல்ல முடியாத ஆசிரியரிடம் தாராளமாகக் குறைப்படலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம், அதற்குத்தான் அதில் பெற்றோரைச் சேர்த்திருக்கிறார்கள்.

மாலையில் பிள்ளையிடம் "என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "யார் பக்கத்துல உக்காந்த? சாப்பாடு என்ன போட்டாங்க? பாத்ரூம் போனியா?" என்று கேட்டால் முழு நாளும் வெளியே வரும். இந்த மூன்றில் எதற்காவது பிள்ளை முகம் சுளித்தால், மறுநாள் காலை வாசலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் முதல் நாள் ஒரே நாளில் முடிந்துவிடாது. மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கினாலும், ஜூன் இரண்டாம் வாரம் ஒரு பிள்ளை வரும். ஜூலையில் சூளை வேலை முடிந்து ஊர் திரும்பும் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஆகஸ்டில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் ஒருவர் மாறி வருவார். இவர்களுக்குப் பலூனும் இல்லை, மாலையும் இல்லை. மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே நண்பர்களாகியிருப்பார்கள் என்பதால் இவர்களின் முதல் நாள் இன்னும் கடினம். கழிப்பறையைக் காட்டுவது, பந்தை உருட்டிப் பெயர் சொல்வது, கிறுக்கிய தாளைக் கம்பியில் தொங்கவிடுவது, ஒரு பெரிய பிள்ளையின் கையில் ஒப்படைப்பது ஆகிய நான்கையும் அந்த ஒரு பிள்ளைக்காக மறுபடி செய்ய அரை மணி நேரம் ஆகும். வருகைப் பதிவேட்டில் புதுப்பெயர் ஏறும் ஒவ்வொரு காலையும் அந்த அரை மணியை ஒதுக்கிவைக்க வேண்டும்.